எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அபிஷன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

“அப்பா, நான் மொன்றியல் யூனிவேர்சிற்றிக்குப் போய், நடுவிலை கியூபெக் செப்பரேற் ஆனா எனக்கு இன்ரர்நஷனல் ஃபீஸா?”

நான் வாயைத் திறக்க முதல் மகள் தாரணி சொன்னாள்: “அப்பாட்டை ஏன் கேக்கிறாய்? அப்பா மூவிங் லொறிதானே ஓடினவர்.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கணக்கில் கோட்டை விட்டவன். பல்கலைக்கழகப் படிகளில் ஏறியிருக்கிறேன். ஆனால் எப்போதும் யாரோ ஒருவரின் கட்டிலை முதுகில் வைத்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளே, நாடு பிரிவதைப் பற்றியும் பல்கலைக்கழக ஃபீஸைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டும் என்னுடைய லொறியில் ஏறித்தான் போய் வந்தன. அன்று மறுமொழி சொல்லாமல் எழும்பிக் கை கழுவிவிட்டேன். சொல்ல வெளிக்கிட்டால் சோறு காய்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உங்கள் தமிழ் வாசிப்பு மெதுவானதென்று தெரியும், அவசரமில்லை. விளங்காத சொல்லுக்கு அம்மாவைக் கேளுங்கள். அம்மா தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவாள், அதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம்.

கனடாவுக்கு வந்த புதிதில் நான் செய்த வேலைகளை நீங்கள் நூறு தரம் கேட்டுவிட்டீர்கள். கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன், குளிரில் விளம்பரத் தாள் போட்டேன். அவற்றை விட்டுவிடுகிறேன். என் வேலை என்று நான் சொல்லுவது இராசநாயகம் அண்ணையின் மூவிங் கொம்பனியில் சேர்ந்த நாளிலிருந்துதான்.

கந்தோர், அதாவது ஒஃபீஸ், ரொறன்ரோ மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவில், ரோல்ஸ் விற்கிற ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் வருமானவரி நிரப்பும் கடைக்கும் நடுவில் இருந்தது. நாயகம் அண்ணை ஊரில் லொறிக் கொம்பனி ஒன்றில் சாமான் பதிகிற கிளாக்கராக இருந்தவர். இங்கே முதலாளி ஆன பிறகும் அந்தக் கிளாக்கர் அவரை விட்டுப் போகவில்லை. வெள்ளைச் சேட்டுக் கழுத்துவரை பூட்டியிருக்கும். குரல் உயராது. ஒரு சாமானையும் தொடமாட்டார். ஒரு வீட்டுக்குள் போனால் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒருதரம் நின்று பார்ப்பார். பிறகு லொறியின் பின்கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எது முதலில் ஏற வேண்டும், எது எதோடு முட்டாமல் நிற்க வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லுவது மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவார். அவர் சொன்னபடி ஏற்றினால் கடைசிப் பெட்டிக்கு அளவாக ஓர் இடம் மிஞ்சும். நாங்கள் எங்கள் எண்ணத்துக்கு ஏற்றினால் ஒரு கதிரை எப்போதும் வெளியில் நிற்கும்.

பாரமானவை முன்சுவரோடு. ஃபிறிட்ஜ் நிமிர்ந்தபடி, பட்டியால் இறுக்கி. கண்ணாடிச் சாமான் மெத்தைக்கும் மெத்தைக்கும் நடுவில். இவை எல்லாக் கொம்பனிக்கும் பொது. எங்கள் சனத்துக்கென்று தனி விதி ஒன்று உண்டு. புது வீட்டுக்குள் முதலில் சாமிப் படம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள் இவைதான் போக வேண்டும், அதுவும் ஐயர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு. ஒருமுறை ஒரு புதுப் பெடியன் பிள்ளையாரை ஃபிறிட்ஜுக்குப் பின்னால் ஏற்றிவிட்டான். ஸ்காபரோவில் ஒரு குடும்பம் முழுக்கப் பட்டுச் சீலையோடு புல்லில் நிற்க, நாங்கள் பிள்ளையாரைத் தேடி லொறியைப் பாதி இறக்கினோம். நல்ல நேரம் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா அழுதுவிட்டார். அன்றைக்கு நாயகம் அண்ணை ஒரு சட்டம் போட்டார்: இனிமேல் சாமிப் படம் பின்னால் ஏறப்படாது, சாரதிக்குப் பக்கத்தில், முன் சீற்றில் வர வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. வாடிக்கையாளர் வீட்டில் அரசியல் கதைக்கக் கூடாது.

“ஆர் வெண்டாலும் தோத்தாலும் சோபா செற்றிக்குக் கால் முளைக்காது, தம்பி. நாங்கள்தான் தூக்கவேணும்” என்பார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது பெரும் பாடாகிவிட்டது. கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மொன்றியலில் எல்லோரும் வீடு மாறுவது ஜூலை முதலாம் திகதிதான், வாடகை ஒப்பந்தங்கள் அன்றைக்குத்தான் முடியும். ஆனால் அந்த ஒக்ரோபரில் எங்களுக்கு மொன்றியலில் இருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. எல்லோரும் எங்கள் சனம். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு வரத் துடித்தார்கள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்லுவார்கள். தங்கச்சி ஸ்காபரோவிலை இருக்கிறா. அங்கை வேலை கூட. கோயில் கிட்ட. பயந்து போகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சிவபாலன் அண்ணை ஒருவர்தான் சொன்னார்.

மொன்றியலில் வீடுகளுக்கு வெளியே இரும்பில் வளைந்து வளைந்து ஏறும் படி இருக்கும். அந்தப் படியைக் கண்டுபிடித்தவன் ஒருநாளும் ஃபிறிட்ஜ் தூக்கியிருக்க மாட்டான். சிவபாலன் அண்ணை மூன்றாம் மாடி. ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. மனைவி வசந்தி வயிற்றோடு இருந்தார், இன்னும் ஒரு மாதம் இருக்கிறதென்று டொக்டர் சொல்லியிருந்தாராம். மூத்தவன் நிருஜன் மொன்றியலில் பிறந்த சின்னப் பெடியன், அவனைச் சித்தியோடு முதலே பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். ஹோல் சுவரில் ஒரு பெரிய வரைபடம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது, ஊரில் நாங்கள் கேட்ட தனிநாட்டின் படம். “அதை மட்டும் வடிவா, உடையாமல் கொண்டுவா குகன்” என்றார். கம்பளியில் சுற்றி இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்தேன். ஒரு நாடு பிரிந்துவிடும் என்று பயந்து ஓடுகிற மனுசன், இன்னொரு நாட்டைப் பிரித்த படத்தைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடுகிறார். எனக்கு வாயில் வந்தது, நாயகம் அண்ணையின் சட்டத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

அவர்களிடம் கார் இல்லை. அதனால் முன் சீற்றில் நான், நடுவில் பிள்ளையார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சிவபாலன் அண்ணை, கதவோரம் வசந்தி. நகரத்தை விட்டு வெளியே வந்து நெடுஞ்சாலை நேராகிற இடத்தில் வசந்தி கதவுக் கைபிடியை இறுக்கிப் பிடித்தார். முதலில் லொறி குலுங்குகிறதென்று நினைத்தேன். இரண்டாம் தரம் பிடித்தபோது விளங்கிவிட்டது.

“இஞ்சருங்கோ” என்றார் புருசனிடம், “எனக்குக் குத்துது.”

“லொறிச் சீற் அப்பிடித்தான். கொஞ்சம் சரிஞ்சு இரும்.”

“சீற் இல்லை. பிள்ளை.”

கொஞ்சத் தூரத்தில் நீலப் பலகை தெரிந்தது, வெள்ளையில் எச் எழுத்து, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் அடையாளம். நான் சிக்னல் போட்டேன். சிவபாலன் அண்ணை என் கையைப் பிடித்தார்.

“திருப்பாதை.”

“அண்ணை, தங்கச்சிக்கு நோ வந்திட்டுது.”

“தெரியும். இது இன்னும் கியூபெக். வாற கிழமை உவங்கள் வோட்டுப் போடுறாங்கள். பிரிஞ்சாங்களெண்டா உங்கை பிறந்த பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போட்? ஆர் குடுப்பான்? நான் நாடில்லாமல் நிண்டவன், குகன். ஒருத்தன் ஏற்கெனவே உங்கை பிறந்து மாட்டுப்பட்டிட்டான். மற்றதையாவது காப்பாத்துவம். ஒன்ராறியோவுக்குப் போ.”

“என்ரை பிள்ளை ஒருத்தனும் மாட்டுப்படேல்லை” என்றார் வசந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. “வயித்துக்குள்ளை இருக்கிறதுக்குப் பாஸ்போட் தெரியாது. அது வெளியிலை வரப்போகுது.”

“கொஞ்சம் பொறும். எல்லை கிட்டத்தான்.”

“நான் பொறுப்பன். அதிட்டைச் சொல்லுங்கோ.”

நான் லொறியை ஓரத்தில் மெதுவாக்கி வசந்தியைப் பார்த்துக் கேட்டேன். “தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. திருப்பவோ?”

அவர் பலகையைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார், பிள்ளையாரையும் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஓடுங்கோ அண்ணை. இங்கை பெத்தனெண்டா இந்த மனுசன் சாகுமட்டும் சொல்லிக் காட்டும்.”

ஓடினேன். அப்படி ஒருநாளும் ஓடியதில்லை, அதற்குப் பிறகும் ஓடவில்லை. பின்னால் ஃபிறிட்ஜ் பட்டியோடு இழுபட்டு முனகிக்கொண்டு வந்தது. ஒன்ராறியோ வரவேற்கிறது என்ற பலகையைத் தாண்டியபோது சிவபாலன் அண்ணை பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இனி எங்கையும் பெறலாம்” என்றார். வசந்தி என்னுடைய முன்னிலையில் அவருக்குச் சொன்ன மறுமொழியை உங்களுக்கு எழுத முடியாது.

கோண்வோல் நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் லொறியைக் குறுக்கே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். காவல்காரன் வந்து, அம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் வீட்டுச் சாமான் லொறி ஏன் நிற்கிறது என்று கேட்டான். கையில் பிள்ளையாரோடு வாசலில் நின்று நான் அதற்கு ஆங்கிலம் தேடிக்கொண்டிருந்தபோது சிவபாலன் அண்ணை கண்ணீரோடு வெளியே வந்தார்.

“என்ன அண்ணை? ஆணோ பெண்ணோ?”

“ஒன்ராறியோ” என்றார்.

பெண் பிள்ளை என்பதை நான் தாதியைக் கேட்டுத்தான் அறிந்தேன். மதுரா என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த கிழமை வாக்கெடுப்பு நடந்தது. பிரிவினை மயிரிழையில் தோற்றது. கியூபெக் பிரியவில்லை. நிருஜனும் மாட்டுப்படவில்லை, மதுராவும் காப்பாற்றப்பட வேண்டியிருக்கவில்லை. நான் நாயகம் அண்ணையிடம் கேட்டேன், எப்படி இருக்கிறது நிலைமை என்று. தன் சட்டத்தைத் தானே ஒருமுறை மீறினார். “பிரியவுமில்லை, வடிவாச் சேரவுமில்லை. எங்கடை தொழிலுக்கு இதைவிட நல்ல தீர்ப்புக் கிடைக்காது.”

அவர் சொன்னபடியே நடந்தது. கொஞ்ச வருசங்களில் பயந்து ஓடி வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, திரும்பவும் மொன்றியலுக்குப் படிக்கப் போகத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் கடைசியில் லொறி கிழக்கே நிறைந்து போகும், வெறுமையாகத் திரும்பி வரும். மாணவர் சாமான் என்றால் நாயகம் அண்ணை வேறு கணக்கு வைத்திருந்தார். “பிள்ளைக்கு ஒரு பையும் கொம்பியூட்டரும். மிச்சமெல்லாம் தாயின்ரை சாமான்” என்பார். உண்மைதான். அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், சோறு அவிக்கிற மின்சாரப் பானை, உறையவைத்த கறிப் பெட்டிகள். அவை கடைசியில் ஏறி, சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக இறங்க வேண்டும்.

ஃபீஸ் பாடத்தை நான் அந்த வாசல்களில்தான் படித்தேன். சாமான் ஏற்றும்போது தகப்பன்மார் புலம்புவார்கள். கியூபெக் பல்கலைக்கழகங்களில் மூன்று விலை. கியூபெக்காரருக்கு ஒன்று, மற்றக் கனடாக்காரருக்கு அதைவிடக் கூட, வெளிநாட்டாருக்கு எல்லாவற்றையும்விடக் கூட. வாக்கெடுப்பில் தோற்றாலும் ஃபீஸில் பிரிவினைக்காரர் வென்றுவிட்டார்கள். நாடு ஒன்று, பாஸ்போட் ஒன்று, காசு ஒன்று. கட்டணம் கட்டும் யன்னலில் மட்டும் எல்லைக்கோடு கிடந்தது. என் லொறிக்கு அந்த எல்லையில் நிற்கத் தேவையே இல்லை, பின்னால் இருக்கிற பிள்ளைக்குத்தான் நிற்க வேண்டும்.

இப்போது எங்களுடைய வில்லங்கமான கேஸுக்கு வருகிறேன்.

ஒருநாள் சிவபாலன் அண்ணையும் வசந்தியும் கந்தோருக்கு வந்தார்கள். அப்போது அவர்கள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வீடு வாங்கியிருந்தார்கள். அவருக்கு இங்கும் குசினி வேலை, வசந்திக்கு ஒரு முதியோர் இல்லத்தில். நிருஜன் மொன்றியலில் படித்து முடித்துவிட்டான். அவனைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். இப்போது மதுராவுக்கு அங்கே மொழிபெயர்ப்புப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, பிரெஞ்சும் ஆங்கிலமும். பிரெஞ்சு படித்தால் ஒட்டாவாவில் அரசாங்க வேலை என்று சின்ன வயதிலேயே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டவர் தகப்பன்தான். பிள்ளை அதை உண்மையாகவே விரும்பிவிட்டது. வேறெங்கும் விண்ணப்பம் போடவில்லை.

“என்ன அண்ணை, சந்தோசமான விசயம்தானே. ஏன் முகம் இப்பிடி?” என்றேன்.

“நிருஜனுக்கு என்ன ஃபீஸ் தெரியுமோ?” என்றார் அவர். “கியூபெக்காரன்ரை ஃபீஸ். அங்கை பிறந்தவனாம், பிறப்புப் பத்திரம் காட்டினால் காணுமாம். என்ரை அக்கான்ரை பெடியன் பாரிசிலையிருந்து வந்து படிக்கிறான். பிரான்ஸ் பாஸ்போட். அவனுக்கும் கியூபெக்காரன்ரை ஃபீஸ், ரெண்டு அரசாங்கத்துக்கும் ஒப்பந்தமாம். மதுராவுக்கு மட்டும் மூண்டு மடங்கு. கேட்டதுக்குச் சொல்லுறாங்கள், அவ வெளியாளாம்.”

பிரான்ஸ்காரருக்கும் பிறகு எங்கள் அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். ஆனால் அந்த வருசம் நிலைமை அதுதான்.

“பாஸ்போட் இருக்குதானே” என்றார் வசந்தி. “நீங்கள் அண்டைக்கு ஓடிப்போய்க் காப்பாத்தின பாஸ்போட். அதைக் குடுங்கோவன் ஃபீஸுக்கு.”

“நீர் சும்மா இரும்.”

“பதினெட்டு வருசம் சும்மாதானே இருந்தனான்.”

சிவபாலன் அண்ணை என் பக்கம் திரும்பினார். “குகன், நீ அண்டைக்கு அந்த எச் பலகையிலை திருப்பியிருந்தா...”

“அண்ணை, என்ரை கையைப் பிடிச்சது ஆர்?”

“லொறி ஓடுறவன் நீ. ஒரு பயித்தியக்காரன் பிடிச்சா உதறிப்போட்டுத் திருப்பவேணும்.”

நாயகம் அண்ணை இதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி, எப்ப பிள்ளையைக் கொண்டுபோறது?” என்று மட்டும் கேட்டார்.

வசந்தி புருசனைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது, கொண்டுபோவதா இல்லையா என்பதே முடிவாகவில்லை. அஜக்ஸ் வீட்டுக் கடனையும் கட்டி, அங்கே வாடகையும் கொடுத்து, வெளியாள் ஃபீஸும் கட்ட அவர்களால் முடியாது. கடன் எடுத்தாலும் எட்டாது. மதுராவிடம் இன்னும் சொல்லவில்லை.

“ஒரு வழி இருக்கு” என்றார் சிவபாலன் அண்ணை, மேசையைப் பார்த்துக்கொண்டு. “தாய் தேப்பனிலை ஒராள் கியூபெக்கிலை குடியிருந்தா, பிள்ளை கியூபெக்காரியாம். சும்மா விலாசம் குடுக்க ஏலாது. உண்மையா இருக்கவேணும். அங்கை வேலை, அங்கை வரி, அங்கத்தை மருத்துவ அட்டை.”

“அப்ப?”

“அப்ப என்ன. நான் போறன்.”

நாயகம் அண்ணை பேனையை வைத்தார். மொன்றியலில் இருந்து எத்தனையோ குடும்பங்களை ஏற்றி வந்தோம். ஓடி வந்த ஒருவரும் குடியிருக்கவென்று திரும்பிப் போனதில்லை.

“வசந்தி?” என்று கேட்டார்.

“எனக்கு இங்கை வேலை, வீடு. இவர் போகட்டும்” என்றார் வசந்தி. “இந்தமுறை நான் வயித்தோடை இல்லை. ஆறுதலாப் போகட்டும்.”

“வெங்காயம் வெட்டுறதுக்கு எந்த மாகாணமெண்டாலும் ஒண்டுதான்” என்றார் சிவபாலன் அண்ணை. பழைய ரெஸ்ரோரண்டிலேயே கேட்டுவிட்டாராம்.

நாயகம் அண்ணை விலை சொன்னார். வழமையில் பாதி. ஏன் என்று கேட்டதற்கு, “திரும்பிப் போறவைக்கு எங்கடை கொம்பனியிலை விலைக் கழிவு இருக்கு. இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். பிறகு நாட்காட்டியில் ஓகஸ்டின் கடைசிச் சனிக்கிழமையை வட்டம் போட்டார். எங்களுக்கு வருசத்தில் அதைவிடப் பெறுமதியான நாள் கிடையாது. “இது மதுராவுக்கு. முற்காசு வேண்டாம்.”

வசந்த காலத்தில் அவரைக் கொண்டுபோனேன். சாமான் என்று சொல்ல ஒரு கட்டிலும் சமையல் பெட்டியும்தான். மதுராவும் கூட வந்தாள். பழையபடி முன் சீற்றில் மூன்று பேர். நடுவில் தகப்பன், மடியில் அதே பிள்ளையார். வசந்தி இருந்த கதவோரத்தில் மகள்.

எல்லை கடந்ததும் மதுரா கேட்டாள். “அங்கிள், எது அந்த எச்?”

“மற்றப் பக்க ரோட்டிலை பிள்ளை. வருது, காட்டுறன்.”

காட்டினேன். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். “சீரியஸ்லி அப்பா? இவ்வளவு கிட்டவா? கொஞ்சம் அவசரப்பட்டு வந்திருந்தா எனக்கு டிஸ்கவுண்டா?”

“கொம்மா பொறுத்திட்டா” என்றார் அவர்.

“அம்மா எப்பவும் பொறுக்கிறதுதான் இந்த ஃபமிலியிலை பிரச்சினை.”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். “நான் பிழையா நினைக்கேல்லைப் பிள்ளை. எங்கடை ஊரிலை ஆமிக்காரங்கள் பிறந்த இடத்தைக் கேட்டுத்தான் மறிச்சவங்கள். உனக்கு அது வரப்படாதெண்டுதான் ஓடினனான்.”

மதுரா பிள்ளையாரைத் தகப்பனின் மடியில் இருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. அவர் தனியாக ஓர் அறையில் இருந்து வேலைக்குப் போனார். பின்னேரங்களில் குடியேறியவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புக்கும் போனார். வகுப்பில் அவர்தான் ஆகவும் வயது கூடியவர். பல்கலைக்கழகத்தில் அவருடைய குடியிருப்பைக் காட்டும் கடிதங்களைக் கொடுத்துவிட்டார்கள், முடிவு வரவில்லை. ஓகஸ்ட் பிறந்தது. கடைசிச் சனிக்கிழமையைக் கேட்டுத் தொலைபேசி அடித்தபடி இருந்தது, இரட்டிப்பு விலை தருகிறோம் என்றவர்களும் உண்டு. நாயகம் அண்ணை ஒவ்வொருவருக்கும் அதே தாழ்ந்த குரலில், “அது குடுத்தாச்சு” என்றார். நான் ஒருநாள் கேட்டேன்: “அண்ணை, பிள்ளைக்குச் சரிவராட்டி?” அவர் நாட்காட்டியைப் பார்த்தார். “சரிவராட்டி லொறி அண்டைக்கு நிக்கும். அதுக்கும் ஒரு ஓய்வு வேணும்தானே.”

கடைசியில் யன்னலுக்குத் தகப்பனையே நேரில் வரச் சொன்னார்கள். அந்தக் கதையை மதுரா எனக்குப் பிறகு லொறியில் வைத்துச் சொன்னாள். யன்னலில் இருந்த பெண் பிரெஞ்சில் கேட்டாராம், கியூபெக்குக்கு எப்போது வந்தீர்கள் என்று. இவர் பிரெஞ்சிலேயே, “முதல் தரமோ, இரண்டாம் தரமோ?” என்று திருப்பிக் கேட்டாராம். அந்தப் பெண் பேனையை நிறுத்திவிட்டு, முதல் தரம் ஏன் போனீர்கள் என்றாராம். “பயத்தில்” என்றாராம் இவர். சரி, ஏன் திரும்பி வந்தீர்கள்?

“இதுவும் பயத்தில்தான்” என்றாராம்.

இரண்டு நாள் கழித்து வசந்தி கந்தோருக்கு ஃபோன் எடுத்தார். நான்தான் எடுத்தேன். “அண்ணை, சனிக்கிழமை லொறி வரட்டாம். உங்கடை வெளியாள் உள்ளாள் ஆயிட்டாளாம்.” நாயகம் அண்ணையிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, “அரிசி கடைசியா ஏறட்டும்” என்றார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம்.

மதுரா படித்து முடித்தாள். ஒட்டாவாவில், தகப்பன் சொன்ன அதே அரசாங்க வேலை. கலியாணமும் முடிந்தது. இனி சிவபாலன் அண்ணை திரும்பி வருவார் என்று நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அவர் வரவில்லை. பிரெஞ்சுக்காரக் கிழவர்களோடு பூங்காவில் இரும்புக் குண்டு உருட்டப் பழகிவிட்டார். வசந்தி வேலையை விட்டதும் அஜக்ஸ் வீட்டை விற்றுவிட்டு அவரும் போனார். நான் ஓடின கடைசி லோட் அதுதான். என் முழங்கால் அந்த இரும்புப் படியில் பாதியில் நின்று, போதும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பழைய தனிநாட்டு வரைபடத்தையும் வசந்தி ஏற்றச் சொன்னார். “அது எந்த ஊருக்கும் வரும் அண்ணை, எங்கை மாட்டினாலும் குற்றமில்லை” என்றார்.

இப்போது அபிஷனின் கேள்விக்கு வருகிறேன். மகனே, நீ மொன்றியலுக்குப் போனால் நீ வெளியாள்தான். அதற்கு நாடு பிரியத் தேவையில்லை. வெளியாள் ஃபீஸைப் போன வருசங்களில் இன்னும் கூட்டிவிட்டார்கள். நாயகம் அண்ணைக்குப் பிறகு கொம்பனியை நடத்துகிற பெடியன் சொல்லுகிறான், ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை கேட்பாரில்லையாம். மறுபடி வாக்கெடுப்பு வைப்போம் என்று அங்கே ஒரு கட்சி சொல்லுகிறது. மேற்கே இன்னொரு மாகாணத்திலும் அந்தக் கதை கிளம்பியிருக்கிறது. உண்மையாகவே பிரிந்தால் உனக்கு என்ன ஃபீஸ் என்று எனக்குத் தெரியாது. யன்னலில் இருக்கிறவர்களுக்கும் தெரியாது. உன் அம்மாவும் நானும் அங்கே குடிபோக மாட்டோம், என் முழங்காலுக்கு அந்தப் படி சரிவராது. நல்லாய் யோசித்து விண்ணப்பி.

இதை எழுதி முடிக்க முன்னர், சரிபார்ப்பதற்காக நேற்று சிவபாலன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

“அண்ணை, திரும்பவும் வோட்டு வைக்கப்போறாங்களாம். லொறி அனுப்பச் சொல்லவோ?” என்று பகிடியாகக் கேட்டேன்.

அவர் பகிடியாக எடுக்கவில்லை. “உனக்கு விசயம் தெரியாதோ? மதுராவுக்கு மாசி கடைசியிலை பிள்ளை. வீடு ஒட்டாவா. பாலத்துக்கு அங்காலை கியூபெக். அங்கை பிறந்தா நாளைக்குப் பிள்ளைக்குப் படிப்பு மலிவு. ஆனா பிரிஞ்சாங்களெண்டா பாஸ்போட்... எந்தக் கரையிலை பெறுறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

“மதுரா என்ன சொல்லுறா?”

“அவளுக்கென்ன தெரியும்.”

பின்னாலிருந்து வசந்தியின் குரல் கேட்டது. ஃபோன் கை மாறியது.

“அண்ணை, நல்லா இருக்கிறியளோ? கொம்பனியிலை உங்கடை சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்குதானே?”

“ஓம் தங்கச்சி, ஏன்?”

“அவையளுக்குச் சொல்லி வையுங்கோ. மாசி மாசம் இந்த மனுசன் கேட்டால் லொறி குடுக்கவேண்டாம்.”